பச்சைப் பந்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மெஷினிலிருந்து காலை எடு. தைத்துக்கொண்டே படித்தால் பாதி புரியாது, மீதியை அத்தானிடம் கேட்பாய், அவர் தன் கற்பனையையும் சேர்த்துச் சொல்வார். நான் சுகம். இருமல் மட்டும் மாடி வீட்டுக்காரரைப் போல நேரங்கெட்ட நேரத்தில் எட்டிப் பார்க்கிறது. உன் தோள்வலி எப்படி? அத்தானுடைய முழங்கால்?

போனில் பேசினால் என்னிடமிருந்து "ம்" தவிர ஒன்றும் வராது, எழுதினால்தான் வாய் திறப்பாய் என்று திட்டினாய். சரி, திறக்கிறேன்.

மிருகக்காட்சிசாலையில் வேலை என்றதும் நான் புலிக்கு இறைச்சி போடுகிறேன் என்று உன் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாயாமே. நான் கல்விப் பிரிவில் இருக்கிறேன். கூண்டுகளுக்குப் பக்கத்தில் எடை, உயரம், உணவு என்று பலகைகள் நிற்குமே, அவற்றை எழுதுவதுதான் என் வேலை. ஒரு வாரம் நீர்யானைக் குளத்தருகே நின்று பார்த்தேன். ஒரு பலகையின் முன்னால் மனிதர்கள் நிற்பது ஒரு கொட்டாவி நேரம். அதிலும் பாதிப் பேர் அதன்மேல் சாய்ந்துகொள்ள வந்தவர்கள்.

அதனால் குளத்துக்கு எதிரே மூடிக் கிடந்த பழைய டிக்கெட் அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். உள்ளே ஃபைபரில் ஒரு பெரிய நீர்யானைத் தலை, வாயைப் பிளந்தபடி. எதிரே ஒரு கூடை நிறையப் பந்துகள். மஞ்சள் ரொட்டி, வெள்ளை பிளாஸ்டிக் பை, சிவப்பு மிட்டாய், பச்சை புல். குழந்தைகள் எடுத்து வாய்க்குள் வீச வேண்டும். பச்சை விழுந்தால் மணி அடிக்கும். மற்றவை விழுந்தால் நீர்யானை இருமும். அந்த இருமல் என்னுடையது. இருக்கிற இருமலை வீணாக்குவானேன் என்று பதிவு செய்துவிட்டேன்.

இதற்கு நீ வேண்டும். துணிப் பந்துகள் தைத்துத் தர வேண்டும், கைப்பிடிக்குள் அடங்கும் அளவில். பச்சை மட்டும் கனமாக இருக்கட்டும். அந்தக் கனத்துக்குத்தான் உள்ளே இருக்கும் தட்டு சாய்ந்து மணியைத் தொடும். கல் வைத்துவிடாதே, யார் மண்டையாவது உடையும்.

உன் பதிலை எதிர்பார்த்து,
தங்கை

*

ஜனவரி 24

என் மைக்கூடே,

நாங்கள் சுகம். தோள்வலி என்னை விட்டுப் போகாது, அதற்கும் எனக்கும் பழக்கமாகிவிட்டது. அத்தான் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "நீர்யானைக்கு இருமல் கொடுத்தவளே என் மச்சினிச்சிதான்னு வண்டியில ஏறுற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனாயா? போயிருக்க மாட்டாய்.

பந்துகளை அனுப்பியிருக்கிறேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றுக்கும் பஞ்சு. பச்சைக்குத்தான் மண்டை காய்ந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்து மழைக்கோட்டு தைத்த மிச்சத்தைப் பொடியாக நறுக்கி, நடுவில் ஒரு ரப்பர்த் துண்டை வைத்து இறுக்கிக் கட்டி, அதன்மேல் துணி போட்டேன். நல்ல கனம். தையல் நைலான் நூலில். முடிக்கிற இடத்தில் மூன்று தடவை திரும்பிப் போய் இறுக்கியிருக்கிறேன். நிஜ நீர்யானையே மென்றாலும் பிரியாது, பயப்படாதே.

எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைகள் வீசுவதற்குத்தானே வருவார்கள்? அறைக்கு வெளியே கொண்டு போய்விடாமல் ஒரு கயிற்றில் கட்டேன். சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. புத்தகம் படித்துக்கொண்டே சாப்பிட்டால் எது உள்ளே போகிறது என்று உனக்கே தெரியாது.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போயே போய்விட்டது. இப்போது அறையில் மட்டும்தான் கேட்கிறது. உங்கள் இருவர் சுகமும் எழுது.

டிக்கெட் அறைக்கு நீர்யானைக் கூடம் என்று பெயர் வைத்துத் திறந்துவிட்டோம். முதல் நாள் ஒரு அம்மா என்னிடம் வந்து, "எம் பையன் அரை மணி நேரமா வெளிய வரமாட்டேங்கறான், என்ன மருந்து வெச்சிருக்கீங்க?" என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று கேட்பேன். "ரொட்டி போடாதடா, அதுக்கு ஆகாது. புல்லுதான்!" யாரோ பெற்ற பிள்ளைகள் நான் எழுதிய வாக்கியத்தை என்னைவிட அழகாகச் சொல்கிறார்கள்.

குளத்தைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரைக் குளத்துக்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஐம்பது தாண்டியவர், வாயாடி. நீர்யானைக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருக்கிறார். "ஏன் அந்தப் பேரு?" என்றேன். "வந்தவுடனே முகம் காட்டிக் கும்பிடு போடலைன்னா கோவிச்சுக்கும் மேடம். எங்க பெரியம்மாவும் அப்படித்தான், எடை மட்டும் கொஞ்சம் கம்மி." என்னைப் பலகை மேடம் என்கிறார். பல் பார்ப்பதற்காகப் பெரியம்மாவைப் பழக்கியிருக்கிறார். விசில் அடித்தால் கரைக்கு வந்து வாயை அகலத் திறக்கும். அதைத் தினமும் சாயங்காலம் கூட்டத்துக்கு முன்னால் செய்யச் சொல்லிக் கேட்டேன். அறையில் பொய் வாயைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் நிஜ வாய். மனத்தில் பதியுமல்லவா? "அதுக்கென்ன, அவளுக்கும் கைத்தட்டல் புடிக்கும்" என்றார்.

கயிறு கட்டிப் பார்த்தேன் அக்கா. இரண்டு நாளில் ஜடை பின்னினாற்போல் சிக்கிக்கொண்டது. வெட்டிவிட்டேன். அதிலிருந்து பந்துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகின்றன. வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் போலிருக்கிறது. அதுவும் ஒரு பாராட்டுத்தான். வேடிக்கை என்னவென்றால் போவதெல்லாம் பச்சை மட்டும். மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருக்கின்றன. இன்னும் இருபது பச்சை தைத்து அனுப்புவாயா?

தங்கை

*

மார்ச் 20

மைக்கூடே,

சுகம், சுகம். ஜனவரியில் முழங்காலைக் கேட்டாய், முதுகை விட்டுவிட்டாய் என்று அத்தானுக்கு வருத்தம். அதையும் சேர்த்துக்கொள்.

இருபது அனுப்பியாயிற்று. மழைக்கோட்டு மிச்சம் தீர்ந்து, பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கினேன். ஏனடி, அங்கே பந்து விற்கிறாயா? அதுவும் பச்சையாகப் பார்த்து எடுக்கிற பிள்ளைகள் என்ன பிள்ளைகள்? அத்தான் சொல்கிறார், "விவரமான பசங்க, எது கனமோ அதைத்தான் எடுப்பாங்க." எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளுக்குச் சிவப்புத்தான் பிடிக்கும். என் கடையில் பட்டன் டப்பாவைத் திறந்து வைத்தால் முதலில் போவது சிவப்பு. நீ நேரில் நிற்பவள், நன்றாகக் கவனி.

நீ தங்கியிருக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கிறதா? எழுதவே மாட்டேன் என்கிறாய்.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். அறையில் ஒரே ஒரு ஜன்னல், ஆனால் காற்றுக்கு அது போதும். அத்தானுடைய முதுகுக்கு என் தனிப்பட்ட வணக்கங்கள். உன் தோளுக்கு ஓய்வு கொடு என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பந்து கேட்கப்போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நல்ல செய்தி. இயக்குநர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்வதே இங்கே ஒரு விருது. "உங்க கூடத்தைப் பாக்கவே ஜனம் வருது. கோடை முடிஞ்சதும் உங்களை நிரந்தரம் பண்ண எழுதியிருக்கேன்" என்றார். மூன்று வருடமாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்துக்கொள்கிற வேலை அக்கா. அடுத்த ஆறு மாதத்துக்கு மேல் எதையும் யோசித்துப் பழக்கமில்லை. அன்றைக்குத் திரும்பும் வழியில் ஒரு புத்தக அலமாரி விலை கேட்டேன்.

இன்னும் நாற்பது பச்சை வேண்டும். விடுமுறைக் கூட்டம்.

பெரியம்மா நாலைந்து நாளாகச் சரியாகத் தின்னவில்லையாம். விசிலுக்கு வருகிறது, வாய் திறக்கிறது, புல்லை மட்டும் தொடுவதில்லை. வெயில் என்கிறார் குளத்துக்காரர்.

தங்கை

*

மே 22

மைக்கூடே,

இங்கே எல்லோரும் சுகம். நாற்பதும் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. கிடைத்ததா இல்லையா என்று ஒரு வரி இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. எடுத்தாலும் "ம்" தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

நிரந்தரம் ஆன சந்தோஷத்தில் அக்காவை மறந்துவிட்டாயா? அப்படியானால் மன்னித்தேன். வேறு எதுவானாலும் எழுது. உடம்பு எப்படி? அந்தப் பெரியம்மாவுக்கு உடம்பு எப்படி?

அக்கா

*

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பார்சல் கிடைத்தது.

பெரியம்மா இறந்துவிட்டது. மே மாதம் இரண்டாம் வாரம். வயிற்றில் அடைப்பு என்று டாக்டர் அறிக்கை கொடுத்திருக்கிறார். விசாரணை நடந்தது. குளத்துக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குளத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவருக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

இங்கே நல்ல மழை. ஜன்னல் வழியே தண்ணீர் வந்து இரண்டு புத்தகங்கள் நனைந்துவிட்டன. விசிறிக்கடியில் விரித்து வைத்திருக்கிறேன். தாள்கள் உலர்ந்துவிட்டாலும் பழையபடி படுக்காது போலிருக்கிறது. கூடத்தைத் தற்காலிகமாக மூடியிருக்கிறோம். பறவைகள் பகுதிக்குப் புதிய பலகைகள் எழுதுகிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

*

ஜூன் 13

மைக்கூடே,

எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் நன்றாக இல்லை.

"நலம், நலமறிய ஆவல்" என்று நீ என்றைக்கு எழுதியிருக்கிறாய்? அது மனுப் போடுகிறவர்கள் எழுதுவது. நனைந்த புத்தகத்துக்கு நான்கு வரி, செத்துப்போன உயிருக்கு மூன்று வரி. அடைப்பு என்கிறாய், எது அடைத்தது என்று இல்லை. பார்சல் கிடைத்தது என்கிறாய், பார்சலுக்குள் என்ன இருந்தது என்ற வார்த்தையே இல்லை. ஜனவரியிலிருந்து இன்னும் பந்து, இன்னும் பந்து என்று என் உயிரை வாங்கினவள், இந்தக் கடிதத்தில் ஒரு பந்து கேட்கவில்லை.

நான் உன்னளவு படித்தவள் இல்லை. ஆனால் துணி வெட்டுகிறவள். வெட்டின இடத்தைப் பார்த்தாலே எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அத்தானிடம் படித்துக் காட்டினேன். "பச்சைன்னா புல்லுதானே?" என்று மட்டும் கேட்டார்.

எழுது. என்னவாக இருந்தாலும் எழுது.

அக்கா

*

ஜூலை 8

மைக்கூடே,

பதில் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் நுழையும்போதே என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார். பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது.

நான் சுகமா என்று கேட்பாய். கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். தையல் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பஞ்சு வைத்திருந்தால் ஊறிப் பிரிந்திருக்கும், வெளியேயும் போயிருக்கும். நான் மழைக்கோட்டுத் துணியை வைத்தேன். தண்ணீர் ஒட்டாத துணி. நடுவில் ரப்பர். மேலே நைலான் நூல், மூன்று தடவை திரும்பி. மென்றாலும் பிரியாது என்று உனக்கே பெருமையாக எழுதினேன். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

என்னைக் காப்பாற்றத்தான் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்றால், அப்படி ஒரு காப்பாற்றல் எனக்கு வேண்டாம். உன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்றால், அதை நீயே சொல்லிவிடு. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாதக் கடைசிக்குள் கடிதம் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நானே வருவேன். வந்து உங்கள் இயக்குநர் முன்னால் நின்று, இது என் தையல் என்று சொல்வேன். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன்.

அக்கா

*

ஜூலை 27

அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

வெளியே எடுத்ததெல்லாம் பச்சை. டாக்டர் ஒரு வாளியில் வைத்துக் காட்டினார். கறுத்துப் போயிருந்தன, ஆனால் தண்ணீர் ஊற்றியதும் மடிப்புகளில் பச்சை தெரிந்தது. ஒரு மஞ்சள் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. உனக்குப் புரிகிறதா? ஆகாததை ஒரு குழந்தைகூடப் போடவில்லை. அறையில் படித்துவிட்டு, கையில் புல்லோடு வெளியே வந்து, வாய் திறக்கும் நேரம் வரை காத்திருந்து போட்டிருக்கிறார்கள். நான் கற்றுக்கொடுத்தது ஒன்றுகூட வீணாகவில்லை.

இது தெரிந்த பிறகு இதை உனக்கு எழுத முடியவில்லை. உன் தையல் என்பதால் எழுதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதியைச் சொல்கிறேன்.

மார்ச்சில் எழுதிய கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். கூடத்தைத் திறந்த சில நாட்களில் குளத்துக்காரர் இரண்டு பச்சைப் பந்துகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நீர் சொட்டியது. குளத்து வடிகாலின் கம்பி வலையில் மாட்டியிருந்தனவாம்.

"பலகை மேடம், உங்க மணி எங்க குளத்துல அடிக்குது."

"யாரோ தவறிப் போட்டிருப்பாங்க."

"தவறிப் போட்டா ஒண்ணு விழும். ரெண்டு விழுமா? ரிப்போர்ட்ல எழுதிடறேன், எதுக்கும் இருக்கட்டும்."

"எழுதாதீங்க, ப்ளீஸ். எழுதினா கூடத்தை மூடிடுவாங்க. நான் பாத்துக்கறேன்."

"சரி, நீங்க பாத்துக்கறேன்னா நான் எதுக்கு எழுதணும்" என்று போய்விட்டார். நான் அந்த இரண்டையும் கழுவி, காயவைத்து, கூடையில் போட்டேன். உனக்கு இருபது கேட்டு எழுதினேன்.

விசாரணையில் அவர் சொன்னார், "மேடம்கிட்ட அப்பவே சொன்னேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்று. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. என்னைக் கேட்டார்கள். இயக்குநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரக் கடிதம் அவருடைய மேஜையில் இருந்தது என்று எனக்குத் தெரியும், தெரியாது என்று சொல்லிப் பயனில்லை. நான் சொன்னேன், "ஞாபகம் இல்லை."

வாழ்க்கையில் படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிற என் வாயிலிருந்து வந்தது அது. அப்போதுதான் குளத்துக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உன் ஜூலைக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தேன். சென்ற வாரம் இயக்குநரிடம் போனேன். உட்காரச் சொன்னார், நின்றேன்.

"ஞாபகம் இருக்கு சார். அன்னிக்கும் இருந்தது."

"யோசிச்சுப் பேசுங்க. யாரும் உங்களைக் கேக்கல."

"கேட்டப்போ சொல்லல சார். அதனாலதான் வந்தேன்."

எழுதிக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே குளத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். ஒரு குறுகலான மாடிப்படி, மேலே துவைத்த துணிகள் தலையில் இடிக்கும்படி தொங்கிக்கொண்டிருந்தன. அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, மீதிப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவர் ஈரக் கையோடு வந்தார். சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கைகளை லுங்கியில் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

"எம் பொண்ணு கேட்டா மேடம். 'நீங்க உண்மையிலயே சொன்னீங்களாப்பா'ன்னு. சொன்னேன்மான்னேன். 'அப்ப அவங்க ஏன் இல்லைங்கறாங்க'ன்னா. அவ உங்க கூடத்துக்கு நாலு தடவை வந்திருக்கா. உங்க மேல அவ்ளோ மரியாதை. ரெண்டு மாசமா எங்கூட நேராப் பேசறதில்ல." பிறகு, "வேலையத் திருப்பிக் குடுப்பாங்க. இத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?" என்றார்.

மகள் உள்ளே இருந்தாள். கதவிடுக்கில் அவள் கால்கள் தெரிந்தன. நான் அந்தக் கால்களுக்குக் கேட்கும்படி, "அப்பா சொன்னது நிஜம். நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். கால்கள் அசையவில்லை. அவர் மனைவி கதவை மூடினாள், சத்தமில்லாமல்.

அக்கா, நீ வர வேண்டாம். வந்தால் உன் மடியில் படுத்துக்கொள்வேன், பிறகு எழுந்திருக்க மாட்டேன்.

தங்கை

*

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதிலுக்கு அனுப்பிய ஒற்றை வரி கிடைத்தது. "சாப்பிட்டாயா?" சாப்பிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கை இப்போது ஓடுகிறதா? அத்தான் மறுபடி கற்பனை கலந்து பேச ஆரம்பித்துவிட்டாரா?

குளத்துக்காரரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். குளத்துக்கு அல்ல, பறவைகள் பகுதிக்கு. அறிக்கையில் எழுதாமல் விட்டதற்காக ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். அது நான் கேட்டதால் விட்டது என்று எழுதிக் கொடுத்தேன், கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் பார்த்தால் தலையசைக்கிறார். பலகை மேடம் என்று கூப்பிடுவதில்லை. மேடம் என்று மட்டும் சொல்கிறார். குளம் காலியாக இருக்கிறது. சாயங்காலமானால் இன்னும் சிலர் வந்து நின்று, விசில் எப்போது என்று கேட்கிறார்கள்.

என் ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள். அலமாரி வாங்காதது நல்லதாயிற்று.

போவதற்கு முன் ஒரு வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஃபைபர் தலையின் வாயை மூடி ஒட்டிவிட்டோம். அதற்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பேழை. அதில் பெரியம்மாவின் வயிற்றிலிருந்து எடுத்த அந்தப் பந்துகள். பலகையில் "பார்வையாளர்கள் பொருட்களை வீசியதால்" என்று எழுதச் சொன்னார் இயக்குநர். நான் எழுதியிருப்பது இது: "இவற்றை வீசிய குழந்தைகள், இங்கே கற்றுக்கொடுத்ததைச் சரியாகக் கற்றுக்கொண்டவர்கள். தவறு கற்றுக்கொடுத்தவர்களுடையது." அவர் இரண்டு நாள் வைத்திருந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

நேற்று பேழையை வைத்ததும் ஒரு சின்னப் பெண் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "என்னம்மா தெரியுது?" என்றேன். "கல்லு" என்றாள். அவளோடு வந்தவரும் கல் என்றுதான் நினைத்தார். அந்த அளவு கறுத்துப் போயிருக்கின்றன. அவை என்னவாக இருந்தன என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

அதனால் பக்கத்தில் வைக்கப் புதிதாக ஒன்று வேண்டும். கூடையில் மிச்சமிருந்ததையும், பிரிக்காத உன் கடைசிப் பார்சலையும் விசாரணைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். உன்னிடம் இதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இன்னும் ஒன்றே ஒன்று தைத்துத் தருவாயா? பச்சை.

தங்கை

*

செப்டம்பர் 25

மைக்கூடே,

சுகம். அத்தானும் சுகம், வாயும் பழையபடி திறந்துவிட்டது. உன்னைப் பற்றி வண்டியில் இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "தப்பு பண்ணினா, போய்ச் சொல்லிட்டான்னு சொல்றேன். முதல் பாதிய விட்டுட்டுச் சொல்ல வரல" என்றார்.

அந்தப் பச்சைத் துணியில் மிச்சமிருந்ததை ஜூலையிலேயே எரித்துவிட்டேன். உன் கடிதம் வந்த அன்று கடையை மூடிவிட்டு அதே நிறம் தேடிப் போனேன். நான்காவது கடையில் கிடைத்தது. கால் மீட்டர் கேட்டேன். "கால் மீட்டர்ல என்னம்மா தைப்பீங்க?" என்று சிரித்தார் கடைக்காரர்.

அதே மாதிரிதான் தைத்திருக்கிறேன். அதே மழைக்கோட்டுத் துணி, அதே ரப்பர், அதே நூல். ஆனால் ஒரு பக்கம் மூடவில்லை. வெளியே பச்சையாக இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தச் சின்னப் பெண்ணும் பார்க்கட்டும். உன் பலகையில் "கற்றுக்கொடுத்தவர்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே தைத்தவளையும் எழுது. பெயர் வேண்டாம், அக்கா என்று போட்டால் போதும்.

வேலை முடிந்ததும் நேரே இங்கே வா. மெஷினுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், புத்தகங்களுக்கும் சேர்த்து. அந்த மனிதரின் மகளுக்கு ஏதாவது தைத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாம் தைத்தது போதும்.

முடிக்கிற இடத்தில் ஊசியை மட்டும் எடுத்துவிட்டேன். நூல் தொங்கும். வெட்டிவிடாதே.

அக்கா